பரணில் இருக்கும் கேசட்டுகள்: எதை முதலில் காப்பாற்றுவது?

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் குடித்தனம் நடத்திய பெரும்பாலான தமிழ் வீடுகளில் இன்றும் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே ஆடியோ கேசட்டுகள், கல்யாண வீடியோ கேசட், கீறல் விழுந்த விசிடிகள், வாய்த்தால் நாலைந்து எல்பி இசைத்தட்டுகள். டேப் ரெக்கார்டர் எப்போதோ பழைய சாமான்காரரிடம் போயிருக்கும். கேசட்டைத் தூக்கிப்போட மட்டும் மனம் வந்திருக்காது. நேரம் கிடைக்கும்போது கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று பரணில் வைத்திருப்போம். இனியும் தள்ளிப்போட்டால் ஏற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சாமல் போகலாம்.

பிலிப்ஸ் நிறுவனம் ஆடியோ கேசட்டை அறிமுகப்படுத்தியது 1963-இல். ஜேவிசியின் விஎச்எஸ் வீடியோ கேசட் வந்தது 1976-இல். இரண்டிலும் மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின் மேல் பசையோடு குழைத்துப் பூசிய காந்தத் துகளில்தான் ஒலியும் படமும் இருக்கின்றன. காற்றின் ஈரத்தாலும் சூட்டாலும் அந்தப் பூச்சு வருடத்துக்கு வருடம் நலிகிறது. நாடா நலிவதற்கு முன்பே அதை ஓட்டும் மெஷின் தீர்ந்துபோகிறது. விசிஆர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. டெக் ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவர்களும் தொழிலை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாத காந்த நாடாப் பதிவுகளில் பெரும்பாலானவை மீட்க முடியாமலே போகும் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் பத்தாண்டுக்கு முன்பே எச்சரித்தது. அந்த ஆண்டு வந்துவிட்டதால் எல்லாம் அழிந்துவிட்டது என்று பொருளில்லை. ஒழுங்காக வைத்திருந்த கேசட் இன்றும் நன்றாகவே பாடும். அதை ஓட்டிப் பார்க்கும் வசதிதான் நம் கையை விட்டுப் போகிறது.

எதை முதலில் எடுப்பது?

இந்த வேலையில் இறங்கும் பலரும் கைக்கு வந்த கேசட்டிலிருந்து தொடங்கி, பத்து சினிமாப் பாட்டுக் கேசட்டுகளை மாற்றிய களைப்பில் நிறுத்திவிடுகிறார்கள். என் முடிவான கருத்து இது: கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுக் கேசட்டுகளை கடைசியில் பாருங்கள். அந்தப் பாடல்களில் பெரும்பாலானவை இன்று செல்பேசியிலேயே, நம் கேசட்டைவிடத் தெளிவாகக் கிடைக்கின்றன. உங்கள் வீட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாதது எதுவோ அதுதான் முதல்.

அப்படிப்பட்டவை நாம் நினைப்பதைவிட அதிகம். துபாய்க்கோ சவூதிக்கோ வேலைக்குப் போனவருக்கு வீட்டிலிருந்து பேசி அனுப்பிய கேசட், அவர் அங்கிருந்து பேசி அனுப்பிய பதில். டிரங்க் கால் போட்டுப் பேசக் கட்டுப்படியாகாத காலத்தில் கடிதத்துக்குப் பதில் குரலையே அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துக்கும் லண்டனுக்கும், டொரொண்டோவுக்கும் இடையிலும் இப்படிக் கேசட்டுகள் போய்வந்தன. குழந்தையின் மழலை, பாட்டி பாடிய தாலாட்டு, ஊர்த் திருவிழாவில் ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு நின்று பதிந்த நாகஸ்வரம், சபாவில் ரசிகர் ஒருவர் மடியில் வைத்துப் பதிந்த கச்சேரி, ஆகாசவாணி நாடகம், இலங்கை வானொலியின் அறிவிப்பாளர் குரலோடு சேர்ந்து பதிவான பாட்டு. வானொலி நிலையத்திலேயே இன்று இல்லாத நிகழ்ச்சி ஒரு வீட்டுக் கேசட்டில் இருக்க வாய்ப்புண்டு.

இன்னொரு வகையும் உண்டு. பிடித்த பாடல்களைப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கேசட்டில் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டர்கள் ஊருக்கு ஊர் இருந்தன. அந்தக் கேசட்டில் இருக்கும் பாடல்கள் வேறெங்கும் கிடைக்கலாம். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று அப்பாவோ அக்காவோ தேர்ந்தெடுத்த வரிசை கிடைக்காது. உள்ளட்டையில் கையால் எழுதிய பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டால், அதே வரிசையைப் பிறகு நல்ல ஒலிப்பதிவுகளைக் கொண்டு அமைத்துக்கொள்ளலாம். கேசட்டை ஓட்டும் வேலையே மிச்சம்.

பிரிக்கும்போது மேலே ஒட்டியிருக்கும் லேபிளை மட்டும் நம்பிவிடாதீர்கள். கேசட்டின் மேல் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் சின்னச் சதுரப் பள்ளம் இருக்கும். பள்ளத்தை மூடும் பிளாஸ்டிக் பல் இருந்தால் பதியலாம், உடைந்திருந்தால் பதிய முடியாது. கடையில் விற்ற பாட்டுக் கேசட்டுகளில் அந்தப் பல் இருக்காது. அந்தப் பள்ளத்தில் யாரோ காகிதத்தைத் திணித்தோ செலோடேப் ஒட்டியோ வைத்திருந்தால், பாட்டை அழித்துவிட்டு அதன்மேல் வீட்டில் எதையோ பதிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பக்திப் பாடல் அட்டைக்குள் தாத்தாவின் குரல் இருக்கலாம். அப்படி ஒட்டியவை எல்லாம் முதல் குவியலுக்குப் போகட்டும். வீட்டுப் பதிவு எதுவானாலும், பிளேயரில் போடுமுன் அந்தச் செலோடேப்பை உரித்துவிடுங்கள். பல் இருந்தால் உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. வீடியோ கேசட்டின் முதுகுப் பக்கத்திலும் இதே போல ஒரு பல் உண்டு.

ஆடியோ கேசட்

முதலில் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, சன்னல் வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை. அதை ஓட்டவே கூடாது. ஓட்டினால் மெஷினின் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். தனியாக எடுத்து வையுங்கள். பூஞ்சை நீக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பிறகு கேசட்டின் திறந்த பக்கத்தின் நடுவில் பாருங்கள். நாடாவுக்குப் பின்னால் செம்பு நிறப் பட்டையில் சின்னப் பஞ்சுத்துண்டு ஒட்டியிருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பல பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து அது உதிர்ந்திருக்கும். அப்போது ஒலி மங்கலாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். கேசட் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் எறிந்துவிடுவது இதனால்தான். ஐந்து திருகாணியில் பூட்டிய கேசட் என்றால் சிறிய ஸ்குரூ டிரைவரால் திறந்து, நாடாச் சுருள் இரண்டையும் அப்படியே தூக்கி, உபயோகமில்லாத வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் மாற்றி வைத்துவிடலாம். நாடா போகும் பாதையை முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டி மூடிய கேசட் என்றால் பொறுமை வேண்டும். விளிம்பில் மெல்ல நெம்பித் திறக்க வேண்டும்.

பல ஆண்டு அசையாமல் கிடந்த நாடா இறுகியிருக்கும். ஓட்டுமுன் முழுவதும் முன்னே சுற்றி, பின்னே சுற்றுங்கள். சிக்கும் என்று தோன்றினால் பென்சிலை ஓட்டையில் விட்டுக் கையாலேயே சுற்றலாம். ஒரு பக்கம் 60 நிமிடம் ஓடும் சி-120 கேசட்டுகளின் நாடா மிக மெல்லியது. அவற்றை வேகமாகச் சுற்றவே வேண்டாம்.

எந்தப் பிளேயர்? நேராக யுஎஸ்பியில் செருகும் மலிவுக் கருவிகள் விற்கிறார்கள். அவற்றில் மோட்டார் சீராக ஓடுவதில்லை, பாட்டு அலைகிறது. உறவினர் வீட்டில் நல்ல நிலையில் இருக்கும் பழைய டெக்கோ டூ-இன்-ஒன்னோ அதைவிடப் பல மடங்கு மேல். பெல்ட் மாற்றி, ஹெட்டையும் உருளையையும் துடைத்தால் போதும். துடைக்க ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் வேண்டும். மொபைல் சர்வீஸ் உதிரிபாகக் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். பட்ஸில் நனைத்துத் துடைத்தால் பழுப்பாக அழுக்கு வரும். வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். நாலைந்து கேசட்டுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும்.

நாடாவில் பதிந்த மெஷினின் ஹெட் ஒரு கோணத்தில் இருந்திருக்கும். இப்போது ஓட்டும் மெஷினின் ஹெட் வேறு கோணத்தில் இருக்கும். மயிரிழை வித்தியாசமே ஆனாலும், ஒலியின் கூர்மை எல்லாம் போய்விடும். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை இம்மியளவு இப்படியும் அப்படியும் திருகி, ஜால்ராச் சத்தமும் பேச்சில் வரும் ‘ச’ ஒலியும் எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு வீட்டுப் பதிவுக்கும் இதைச் செய்வது தகும். மூடியிருந்த திரையை விலக்கியதுபோலக் குரல் முன்னே வந்து நிற்கும். எந்த மென்பொருளாலும் பிறகு இதைச் சாதிக்க முடியாது.

இணைப்பு எளிது. பெரும்பாலான லேப்டாப்பில் இருக்கும் ஒற்றைத் துளை மைக்குக்கும் ஹெட்போனுக்கும் உரியது. ஸ்டீரியோ அதில் உள்ளே போகாது. சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்களைச் செருக இடமுள்ள சிறிய யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்து, மிக உரத்த இடத்திலும் அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சியில் வெட்டுப்பட்ட ஒலியைத் திரும்பப் பெற முடியாது. குறைவாகப் பதிந்ததைக் கூட்டிக்கொள்ளலாம்.

கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே கோப்பாகட்டும். 90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடம் ஆகும், குறுக்குவழி இல்லை. பதிந்த மூலக் கோப்பில் இரைச்சல் நீக்கம் எதுவும் செய்யாதீர்கள். இரைச்சலோடு சேர்ந்து குரலின் உயிரும் போய்விடும். பத்து வருடம் கழித்து இதைவிட நல்ல மென்பொருள் வரும். அதற்கு மூலம் வேண்டும். ஒரு மணி நேரம் ஏறக்குறைய 1 ஜிபி வரும். ஃபிளாக் வடிவில் சேமித்தால் ஒரு துளியும் இழக்காமல் அதில் பாதி அளவுக்கு அடங்கும். எம்பி3 என்பது செல்பேசியில் கேட்கவும் வாட்ஸாப்பில் அனுப்பவும் எடுக்கும் நகல் மட்டும்தான்.

கல்யாண வீடியோ

விஎச்எஸ் வேலையைப் பலர் ஸ்டுடியோவில்தான் கொடுக்கிறார்கள். தவறில்லை. ஆனால் டிவிடியாகப் போட்டுத் தரச் சொல்லாதீர்கள், கோப்பாகக் கேளுங்கள். கேசட் முழுவதும் வெட்டாமல் வேண்டும், கடையின் பெயரைத் திரையில் போடக் கூடாது, பின்னணி இசை சேர்க்கக் கூடாது, மூலக் கேசட் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொடுக்காமல் ஒன்றைக் கொடுத்துப் பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள்.

வீட்டிலேயே செய்வதானால் ஓடுகிற டெக், மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயர், யுஎஸ்பி வீடியோ கேப்சர் கருவி, ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருள் ஆகியவை வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் பதிந்தவை பால் (PAL) முறை: 625 கோடுகள், நொடிக்கு 25 படம். கருவியிலும் மென்பொருளிலும் பால் என்றே அமையுங்கள். ஏவி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் மலிவுப் பெட்டிகளில் பல, படத்தை 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுகின்றன. தாலி கட்டும்போது கை தாவித்தாவிப் போவது அதனால்தான். அகலத் திரைக்காகப் படத்தை இழுத்து எல்லோரையும் குண்டாக்குவதும் வேண்டாம். பழைய படம் நாலுக்கு மூன்று அளவில்தான் இருக்கும், அப்படியே விடுங்கள்.

பழைய டிவிக்காகப் பதிந்த படம் ஒற்றைப்படைக் கோடுகளாகவும் இரட்டைப்படைக் கோடுகளாகவும் மாறிமாறி வரும். கம்ப்யூட்டரில் பார்க்கும்போது அசைவில் சீப்புப்பல் போலத் தெரிவது இதனால். மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கான நகலில் மட்டும் ஹேண்ட்பிரேக் மென்பொருளால் சரிசெய்யலாம்.

ஹேண்டிகேம் மினிடிவி கேசட்டுகள் இருந்தால் விஎச்எஸ்ஸுக்கும் முன்னால் அவற்றை எடுங்கள். அதில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். ஃபயர்வயர் கேபிளால் நகலெடுத்தால் இழப்பே இருக்காது, மணிக்கு 13 ஜிபி ஆகும். ஆனால் கேமரா ஓட வேண்டும், ஃபயர்வயர் துளை உள்ள கம்ப்யூட்டரும் கிடைக்க வேண்டும். இரண்டும் அரிதாகிவிட்டன.

விசிடியில் சிரமமில்லை. தட்டுக்குள் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில் இருக்கும் டாட் கோப்பை நகலெடுத்தால் விஎல்சி பிளேயரில் ஓடும். மறுபடி சுருக்க வேண்டாம், அது ஏற்கெனவே சுருங்கியது. ஸ்டுடியோக்காரர் எழுதிக் கொடுத்த டிவிடி, விசிடிகள் சாயப்பூச்சில் பதிந்தவை. வெயில் பட்டால் சாயம் மங்கி, கேசட்டுக்கு முன்பே செத்துவிடும். ஒரு டிரைவில் படிக்காத தட்டு இன்னொன்றில் படிக்கும், முயன்று பாருங்கள்.

பெயர் வைப்பது

ஏற்றி முடித்ததும் ‘ட்ராக் 01’, ‘புதிய பதிவு 7’ என்று கோப்புகள் குவிந்து கிடக்கும். இப்படியே விட்டால் பரணிலிருந்து ஹார்ட் டிஸ்குக்குக் குடிபெயர்த்ததுதான் மிச்சம்.

வீட்டுப் பதிவுகளையும் வெளியார் இசையையும் இரண்டு தனி ஃபோல்டர்களில் வையுங்கள். வீட்டுப் பதிவுக்கு ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்கும் பெயர் வையுங்கள்: ‘1988-05-22 கல்யாணம் மதுரை கேசட் 1’. கம்ப்யூட்டர் தானாகவே கால வரிசையில் அடுக்கும். தேதி தெரியாவிட்டால் ஆண்டு போதும். அதுவும் தெரியாவிட்டால் ‘1985 வாக்கில்’ என்று எழுதுங்கள். லேபிள், உள்ளட்டை இரண்டையும் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.

சினிமாப் பாட்டுக்கு மேல்நாட்டு மென்பொருள் போட்ட கட்டங்கள் சரியாகப் பொருந்தாது. அங்கே பாடகர்தான் ஆல்பத்துக்கு உரிமையாளர், நமக்கு இசையமைப்பாளர். ஆகவே ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயர், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் பாடகர்கள், ஆண்டு இருக்குமிடத்தில் படம் வெளியான ஆண்டு என்று நிரப்புங்கள். எம்பி3டேக், மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் ஆகிய இலவச மென்பொருள்கள் இதற்கு உதவும். கவிஞர் பெயருக்கும் ஓர் இடம் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு படமாக இரண்டு படப் பாடல்களைச் சேர்த்து விற்ற கேசட்டுகளை இரண்டு ஆல்பமாகவே பிரியுங்கள்.

பெயர்களைத் தமிழிலேயே எழுதுங்கள். இளையராஜா பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள்; மென்பொருள் ஒவ்வொன்றையும் தனி ஆளாக எண்ணிக்கொள்ளும். பழைய எழுத்துருக்களில் அடித்த பெயர்கள் இன்று குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அடித்தவை எங்கும் தெரியும். கச்சேரிப் பதிவானால் பாடகர், பக்கவாத்தியக்காரர்கள், சபா, தேதி, உருப்படியின் ராகம் எல்லாம் எழுதுங்கள்.

பெயரைவிட முக்கியமானது உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது. பெரியவர்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். ‘12-வது நிமிடம்: பச்சைப் புடவையில் வருவது பெரிய அத்தை, பின்னால் நாகஸ்வரம் வாசிப்பவர் கீழத்தெருக்காரர்’ என்று அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் எழுதி, வீடியோவோடு வையுங்கள். அவர்கள் பேசுவதையே செல்பேசியில் பதிந்துகொண்டாலும் சரி. நாடாவில் இருப்பதை இன்னும் சில வருடம் கழித்தும் எடுத்துவிடலாம். அவர்கள் நினைவில் இருப்பதற்கு அந்த உத்தரவாதம் இல்லை.

வைப்பது, பகிர்வது

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். இந்த விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி ஒன்றைத் தம்பி வீட்டில் வைத்து, வீட்டுப் பதிவுகளை மட்டும் கிளவுடிலும் ஏற்றினால் போதும். கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூனிலிருந்து அளவில்லா இலவச இடம் தருவதில்லை என்பதால், மூலக் கோப்புகளுக்குக் காசு கட்ட வேண்டியிருக்கும். பென் டிரைவை நம்ப வேண்டாம். எஸ்எஸ்டியை மின்சாரம் காட்டாமல் வருடக்கணக்கில் அலமாரியில் வைப்பதும் நல்லதில்லை. ஹார்ட் டிஸ்கை வருடம் ஒருமுறையாவது சொருகிப் பார்த்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றுங்கள். மூலக் கேசட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஈரமில்லாத அலமாரியில் நிற்க வைத்த நிலையில் இருக்கட்டும்.

வீட்டில் எல்லோரும் டிவியில் பார்க்க, பழைய லேப்டாப் ஒன்றில் ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம்.

சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் நகலெடுப்பதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. சினிமாப் பாட்டை யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம். ஒலிப்பதிவின் உரிமை வெளியான பின் 60 ஆண்டுவரை உண்டு. கல்யாண வீடியோவை ஏற்றினால்கூட, பின்னணியில் ஸ்டுடியோக்காரர் போட்ட பாட்டுக்காக அது தடைபடலாம். உங்களிடம் இருப்பது அரிய கச்சேரியோ கூத்தோ வானொலி நாடகமோ என்றால் அது வீட்டோடு நிற்க வேண்டாம். ஈழத்துப் பதிவுகள் இருந்தால், 2005-இலிருந்து ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்திடம் பேசிப் பாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை இறக்கி, பிரிக்கும் வேலையை மட்டும் செய்யுங்கள். கேசட்டின் மேல் விளிம்பைப் பார்த்து, வீட்டில் பதிந்தவற்றைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிளேயரும் கேபிளும் அடுத்த மாதம் வாங்கினாலும் போதும்.